சின்னத் தொட்டியில் ஒரு பெட்டா: எத்தனை வாட் ஹீட்டர், எத்தனை டிகிரி தண்ணீர்?

முதன்முதலாக பெட்டா என்ற ஃபைட்டர் மீனை வளர்க்க நினைப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பத்து லிட்டர் தொட்டிக்கு எத்தனை வாட் ஹீட்டர் போடணும்?" லிட்டருக்கு ஒரு வாட், கொஞ்சம் கூடவும் இருக்கலாம் என்று பதிலும் உடனே வந்துவிடும். தப்பான பதில் இல்லை, பாதிப் பதில். தொட்டி இருக்கும் அறை அதிகாலையில் எவ்வளவு குளிர்கிறது என்று தெரியாமல் மீதிப் பாதியைச் சொல்ல முடியாது. இரவெல்லாம் 18 டிகிரியில் கிடக்கும் அறையும், 25-க்குக் கீழே இறங்கவே இறங்காத அறையும் ஒன்றா? முதல் அறைக்கு நல்ல ஹீட்டர் கட்டாயம். இரண்டாவது அறைக்கு ஹீட்டரே வேண்டாம்.

அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குவோம்.

முதலில் எண்ணை முடிவு செய்யுங்கள்

பெட்டாவின் பூர்வீகம் தாய்லாந்தின் நெல்வயல்களும் ஆழமில்லாத குட்டைகளும். வெயில் பட்டு வெதுவெதுப்பாகக் கிடக்கும் தண்ணீர். தொட்டியில் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் மீன் சுறுசுறுப்பாக இருக்கும். 24-லும் 28-லும் சமாளித்துக்கொள்ளும். எனவே 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஃபாரன்ஹீட் அளவு போட்ட ஹீட்டராக இருந்தால் 78 அல்லது 79.

மீனின் உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. 22-க்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகும். போட்ட தீனியைத் திரும்பிப் பார்க்காது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு தரையில் கிடக்கும். நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். "என் ஃபைட்டர் ஏன் சும்மாவே படுத்துக் கிடக்கிறது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது தண்ணீர் எத்தனை டிகிரி என்பதைத்தான். மருந்துப் பெயரெல்லாம் அப்புறம்.

சூடு கூடினாலும் ஆபத்துதான், ஆனால் அது சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம், 30-ல் 7.6. பெட்டாவுக்கு லாபிரிந்த் என்ற உறுப்பு இருக்கிறது, மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும், அதனால் கவலையில்லை என்பார்கள். சரி, மீன் விழுங்கிக்கொள்ளும். ஃபில்டருக்குள் கழிவைத் தின்று வாழும் பாக்டீரியா என்ன செய்யும்? அதற்குத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்தான் கதி. இன்னொன்று, சூட்டோடு சேர்ந்து, மீனின் கழிவில் உண்டாகும் அம்மோனியாவின் விஷமும் ஏறும். பி.எச். 8 உள்ள தண்ணீரில் 25 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் சுமார் 5 சதவீதம்தான் மீனைத் தாக்கும் வடிவத்தில் இருக்கும்; 30 டிகிரியில் அது ஏழரை சதவீதம். அழுக்கின் அளவு அதேதான், விஷம் மட்டும் ஒன்றரை மடங்கு. 28-க்கு மேலே வைப்பது முட்டையிட வைப்பவர்களுக்கும் சில சிகிச்சைகளுக்கும் உரியது. தினசரிக்கு வேண்டாம்.

எந்த எண் என்பதைவிட அந்த எண் ஆடாமல் இருப்பது முக்கியம். பகலில் 28, இரவில் 23 என்று ஊசலாடும் தொட்டியைவிட, எந்நேரமும் 25-ல் நிற்கும் தொட்டி எவ்வளவோ மேல். சின்னத் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம்தான் என்பதால் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

தெர்மோமீட்டர் முதலில், ஹீட்டர் பிறகு

ஹீட்டரின் திருகில் அச்சடித்திருக்கும் எண் ஒரு குத்துமதிப்பு. 26 என்று வைத்தால் 24-லும் நிற்கலாம், 28-லும் நிற்கலாம். ஆகவே தனியாக ஒரு தெர்மோமீட்டர் வேண்டும். வெளிக்கண்ணாடியில் ஒட்டும் பட்டை எனக்குப் பிடிக்காது. அது தண்ணீரோடு அறைக்காற்றையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. ஒயரின் முனையைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு தசமம் வரை காட்டும் டிஜிட்டல் தெர்மோமீட்டர் போதும்.

வாங்கியதும் சரிபாருங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடுக்கெல்லாம் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். நடுவில் முனையை வைத்து இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தால் 0 காட்ட வேண்டும், முன்னே பின்னே அரை டிகிரி இருக்கலாம். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மோமீட்டர் இருந்தால், 37, 38 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடலாம். இரண்டு சோதனையிலும் ஒரே அளவு வித்தியாசம் தெரிந்தால், அந்த வித்தியாசத்தைக் கழித்துப் படித்துக்கொள்ளலாம். தூக்கிப் போட வேண்டியதில்லை.

அறையை அளந்து பாருங்கள்

தொட்டி வைக்கப்போகும் அதே இடத்தில், அதே மேசையில் தெர்மோமீட்டரை வைத்து அதிகாலையில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் தொடர்ந்து பாருங்கள். ஏசி ஓடும் அறை என்றால் ஏசி ஓடும்போது பார்க்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் இரவு முழுக்க ஏசி ஓடுகிற அறையில் தண்ணீர் தானாகவே 22, 23-க்கு இறங்கிவிடும். பலர் கணக்கில் விடுவது இதைத்தான். வருடத்தின் மிகக் குளிர்ந்த மாதம் இன்னும் வரவில்லை என்றால் அதற்காக இன்னும் மூன்று நான்கு டிகிரி குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

26-லிருந்து அந்த அதிகாலை எண்ணைக் கழித்தால் வருவதுதான் ஹீட்டர் தாங்க வேண்டிய வித்தியாசம். அறை 20 என்றால் வித்தியாசம் 6.

அடுத்து, தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் தண்ணீர்? பெட்டியில் போட்டிருப்பது விளிம்பு வரை நிரப்பினால் வரும் அளவு. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 30-க்கு 20 தொட்டியில் தண்ணீர் 17 சென்டிமீட்டர் உயரம் நின்றால் 10.2 லிட்டர். அடியில் மணலும் கல்லும் போட்டால் அதிலும் ஒரு லிட்டர் குறையும். 12 லிட்டர் தொட்டி என்று வாங்கியதில் கடைசியில் 9 லிட்டர்தான் இருக்கும்.

உங்கள் தொட்டி எவ்வளவு சூட்டை இழக்கிறது?

இந்தச் சோதனைக்கு மீனும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். ஒரு சாயங்காலம் போதும்.

வெறும் தொட்டியில் 26 டிகிரி தண்ணீரை வழக்கமான உயரத்துக்கு நிரப்பி மூடியைப் போடுங்கள். கலக்கிவிட்டு வெப்பநிலையைக் குறியுங்கள், அறையின் வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கலக்கிவிட்டுப் பாருங்கள். எத்தனை டிகிரி இறங்கியதோ அதை லிட்டரால் பெருக்கி, 1.16-ஆல் பெருக்கி, 2-ஆல் வகுத்தால் தொட்டி இழக்கும் வாட் வந்துவிடும். (ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 வாட்-மணி வேண்டும் என்பதிலிருந்து வரும் கணக்கு இது.)

உதாரணமாக 10 லிட்டர், அறை 20 டிகிரி, இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை டிகிரி இறங்கியது என்று வையுங்கள். 1.5 × 10 × 1.16 ÷ 2 = 8.7 வாட். இந்த அறையில் தண்ணீரை 26-ல் நிறுத்தி வைக்க ஏறக்குறைய 9 வாட் இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வித்தியாசம் 6 என்பதால் டிகிரிக்கு ஒன்றரை வாட். மூடி போட்ட 10 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்கு இந்த அளவில்தான் வரும். 20 லிட்டருக்கு டிகிரிக்கு இரண்டிலிருந்து இரண்டரை வாட் வரலாம். தண்ணீர் இரட்டிப்பானாலும் இழப்பு இரட்டிப்பாகவில்லை, கவனித்தீர்களா? பெரிய தொட்டியை நிலையாக வைத்திருப்பது சுலபம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இன்னும் தொட்டி வாங்கவில்லை, இடமும் இருக்கிறது என்றால் 20 லிட்டராகவே வாங்கிவிடுங்கள்.

அதே சோதனையை மூடி இல்லாமல் ஒருமுறை செய்து பார்த்தால் மூடியின் அருமை புரியும். ஒரு நாளைக்கு 100 மில்லி தண்ணீர் ஆவியானால், அந்த ஆவி மட்டுமே இடைவிடாமல் 3 வாட் அளவுக்குச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மூடி இருந்தால் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றும் வெதுவெதுப்பாக இருக்கும், மீன் விழுங்குவது அந்தக் காற்றைத்தான். பெட்டா குதிக்கும் மீன் என்பதால் மூடி எப்படியும் வேண்டும்.

இப்போது வாட்

கிடைத்த இழப்பை இரண்டால் பெருக்குங்கள். அதாவது, குளிர்ந்த இரவிலும் ஹீட்டர் பாதி நேரம் ஓடினால் போதும், மீதி நேரம் அணைந்திருக்க வேண்டும். 9 வாட் இழப்புக்கு 18. அதற்கு மேலே கடையில் கிடைக்கும் அளவு 25 வாட். 10 லிட்டர் தொட்டிக்கு, அறை 18-க்குக் கீழே போகாத வரை, 25 வாட் தாராளம். 20 லிட்டர் தொட்டி, வித்தியாசம் 4, 5 டிகிரி என்றால் அதே 25 போதும். வித்தியாசம் 8, 10 என்றால் 50 வாட்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று 100 வாட் வாங்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் இருக்கிறதே, வேண்டிய அளவுக்கு வந்ததும் நின்றுவிடுமே என்பது அவர்கள் வாதம். நிற்கும், தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கும் வரை. ஹீட்டர் கெட்டுப்போகும் விதங்களில் மோசமானது, உள்ளே இருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொண்டு, அணையாமல் ஓடிக்கொண்டே இருப்பது. அப்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லிட்டர், அறை 22 டிகிரி, தண்ணீர் 26. 100 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் தண்ணீர் 34-ஐத் தொடும். நீங்கள் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் கதை முடிந்துவிடும். அதே இடத்தில் 25 வாட் என்றால் 34-க்குப் போக ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதுவும் விட்டுவைத்தால் ஆபத்துதான், ஆனால் நடுவில் ஒருமுறை தெர்மோமீட்டரைப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. சின்னத் தொட்டியில் குறைந்த வாட் என்பது சிக்கனம் இல்லை, பாதுகாப்பு.

5 லிட்டருக்குக் குறைவான கிண்ணங்களுக்கு நான் எந்த ஹீட்டரையும் சொல்ல மாட்டேன். அங்கே ஹீட்டர் நிற்க இடமும் இல்லை, தவறினால் தாங்கத் தண்ணீரும் இல்லை. கிண்ணத்தை மாற்றுங்கள்.

எந்த வகை ஹீட்டர்?

வெப்பநிலையைத் திருகி மாற்றக்கூடிய, முழுதாகத் தண்ணீருக்குள் மூழ்கும் வகைதான் முதல் தேர்வு. 25 அல்லது 26 என்று நிலையாக அமைத்து வரும் வகையும் உண்டு. அது பரவாயில்லை, ஆனால் ஒரு டிகிரி தள்ளி நின்றால் சரிசெய்ய வழி கிடையாது. தெர்மோஸ்டாட் இல்லாத தட்டை ஹீட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். அவை அறையைவிட நான்கைந்து டிகிரி ஏற்றி வைக்குமே தவிர ஒரு எண்ணில் நிறுத்தாது. அறை ஏறி இறங்கினால் தண்ணீரும் கூடவே ஏறி இறங்கும். வேண்டாம்.

கூடுதல் பாதுகாப்பு வேண்டுமானால் தனியாக ஒரு வெப்பநிலைக் கன்ட்ரோலர் போடலாம். ஹீட்டரை 27-ல் வைத்து, கன்ட்ரோலரை 26-ல் வைத்தால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது நிறுத்திவிடும். ஹீட்டரைச் சுற்றி ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடு இருந்தால் நல்லது. பெட்டா எதன் மீதாவது சாய்ந்து ஓய்வெடுக்கும் பழக்கம் உள்ளது, அந்த மெல்லிய வால் சூடான கண்ணாடியில் படக் கூடாது.

மாட்டும் முறை

சின்னத் தொட்டியில் ஹீட்டரைக் கிடைமட்டமாக, தரையிலிருந்து இரண்டு மூன்று விரல் உயரத்தில் பின்கண்ணாடியில் ஒட்டுவது நல்லது. சூடு கீழிருந்து மேலே போகும். தண்ணீர் மாற்றும்போது மட்டம் இறங்கினாலும் ஹீட்டர் வெளியே தெரியாது. ஆனால் சில ஹீட்டர்கள் நிமிர்த்தி மட்டுமே வைக்க வேண்டியவை, அதனால் கூடவே வரும் தாளைப் படியுங்கள். குறைந்தபட்ச நீர்மட்டக் கோடு எங்கே என்றும் பாருங்கள். மணலில் புதைக்கக் கூடாது. கண்ணாடிக்கும் ஹீட்டருக்கும் நடுவே மீன் புகுந்து சிக்கிக்கொள்ளும் அளவுக்கு இடுக்கு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெட்டாவுக்கு வேகமான நீரோட்டம் ஆகாது. ஆனால் தண்ணீர் கொஞ்சமும் அசையாவிட்டால் ஹீட்டர் பக்கத்தில் 27, எதிர் மூலையில் 24 என்று இருக்கும், தெர்மோஸ்டாட்டும் ஏமாந்து சீக்கிரம் அணைந்துவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெதுவாகக் குமிழி விடும்படி வைத்து, அதன் பக்கத்தில் ஹீட்டரை வைத்தால் இரண்டும் சரியாகும். தெர்மோமீட்டரின் முனையை ஹீட்டருக்கு எதிர்க்கோடியில் விடுங்கள்.

ஹீட்டரைத் தண்ணீரில் வைத்த பிறகு 15 முதல் 20 நிமிடம் விட்டுத்தான் பிளக்கைச் சொருக வேண்டும். வெளியே எடுக்கும்போது தலைகீழாக: முதலில் பிளக்கைக் கழற்றி, அதே 15, 20 நிமிடம் ஆறவிட்டு, பிறகு எடுக்க வேண்டும். சூடான கண்ணாடிக் குழாயைக் காற்றில் தூக்கினால் விரிசல் விடும். ஒயர் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கட்டும், அப்போது ஒயர் வழியாக ஒழுகும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் அந்த லைனில் இருப்பது அவசியம். தொட்டிக்குள் கை விடும் ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றுங்கள், ஸ்விட்சை அணைப்பது போதாது. குழாய்க்குள் ஈரம் படிந்திருப்பது தெரிந்தால் அந்த ஹீட்டரை மறுபடி சொருகவே கூடாது.

மீன் வரும் முன் இரண்டு நாள் ஓட்டம்

26-ல் வைத்து ஓடவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு அப்புறம் தெர்மோமீட்டர் என்ன சொல்கிறது? 24 என்றால் திருகைக் கொஞ்சம் ஏற்றி, சில மணி நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருகிக்கொண்டே இருந்தால் எங்கே நிற்கும் என்று தெரியவே தெரியாது. அதிகாலையிலும் நடுப்பகலிலும் படித்த எண்களுக்கு நடுவே ஒரு டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் தொட்டி தயார். விடியற்காலையில் மட்டும் இறங்குகிறது, ஹீட்டரின் விளக்கும் அணையாமல் எரிகிறது என்றால் வாட் போதவில்லை. முதலில் மூடியில் இடைவெளி இருக்கிறதா, தொட்டி ஜன்னலோரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெரிய ஹீட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

மீனைக் கொண்டுவந்ததும் பையோடு தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பநிலை ஒன்றாகிவிடும்.

தண்ணீர் மாற்றும் நாள்

ஹீட்டர் கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்த வெப்பநிலையை ஒரு மக் தண்ணீரில் கெடுத்துவிடலாம். 10 லிட்டர் தொட்டியில் 3 லிட்டரை எடுத்துவிட்டு 18 டிகிரி தண்ணீரை ஊற்றினால், மொத்தமும் 26-லிருந்து 23.6-க்கு ஒரே அடியாக விழும். புதுத் தண்ணீர் தொட்டித் தண்ணீரோடு ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். கையை விட்டுப் பார்த்து "சரியா இருக்கு" என்பது கணக்கில் சேராது.

20 டிகிரித் தண்ணீரை 26 ஆக்க, 1.7 லிட்டரோடு 60 டிகிரித் தண்ணீர் 300 மில்லி கலந்தால் 2 லிட்டர் கிடைக்கும். எல்லாவற்றையும் வாளியிலேயே கலந்து, குளோரின் நீக்கும் மருந்தையும் அதிலேயே விட்டு, தெர்மோமீட்டரில் பார்த்த பிறகு மெதுவாக ஊற்றுங்கள். சூடான தண்ணீரை ஒருபோதும் நேரே தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

வெயில் காலமும் மின்தடையும்

ஹீட்டரால் தண்ணீரைக் குளிர்விக்க முடியாது. அறை 32-க்குப் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். அப்போது விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, மூடிக்குப் பதில் வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவி பறக்கும்போது சூட்டைக் கொண்டுபோகும் என்று மேலே சொன்னோமே, அது இங்கே உதவிக்கு வருகிறது. குறையும் தண்ணீரை அவ்வப்போது ஊற்றி நிரப்ப வேண்டும். ஐஸ் கட்டியை உள்ளே போடாதீர்கள், வெப்பநிலை சரசரவென்று விழும்.

குளிர்ந்த இரவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். மேலே பார்த்த தொட்டி, வித்தியாசம் 6 இருக்கும்போது, மணிக்கு முக்கால் டிகிரிதான் இழக்கிறது. ஆற ஆற அதுவும் குறையும். தொட்டியின் நாலு பக்கமும் கம்பளியைச் சுற்றி, மேலே காற்றுக்கு வழி விட்டால் இன்னும் மெதுவாக ஆறும். தீனி போட வேண்டாம். ஹீட்டரின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். கரண்ட் வந்ததும் நீர்மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகினால், 25 வாட் ஹீட்டர் மணிக்கு ஒன்றரை, இரண்டு டிகிரி என்ற வேகத்தில் தானாகவே பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.